நின்று பேசும் தூரம்

அத்தியாயம் பதினொன்று

கணவன் ரெமிஜியஸ் போட்ட நிபந்தனையோடு போன வாரம் லின்சியை விட்டுவிட்டு வந்தோம். பாவம், அந்தப் பெண் ஒரு வாரமாக அதை மனசில் போட்டுக்கொண்டேதான் ஊர்க்காரர்களுக்கு ஜாக்கெட் தைத்துக்கொண்டிருக்கிறாள்.

நிபந்தனை பெரிதாக ஒன்றுமில்லை. "வெள்ளிக்கிழமை ஆஸ்பத்திரியில அளந்து பாத்து, ஏறலைன்னு சொன்னா நான் மஸ்கட் வேலைக்குக் கிளம்பறேன். ஏறிடுச்சுன்னு சொன்னா போகலை. கம்பெனிக்காரன் அன்னைக்கு சாயங்காலம் போன் பண்ணுவான். அவனுக்கும் அதே பதில்தான்."

புதிதாக வந்து சேர்ந்தவர்களுக்கு இதைக் கொஞ்சம் விளக்கிவிடலாம்.

லின்சிக்கு எம்.எஸ். என்று ஒரு நரம்பு நோய். கரண்ட் ஒயருக்கு மேலே பிளாஸ்டிக் உறை இருக்கிறதல்லவா, அதுபோல நரம்புக்கும் ஓர் உறை உண்டு. அது அங்கங்கே அரித்துப்போகிறது. சில வருஷங்களுக்கு முன் ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தபோது வலது கண் புகை மூடியதுபோல் ஆனது. கண் சரியானது, பிறகு கால் மரத்தது. இப்போது தஞ்சாவூரில் ஓர் ஆஸ்பத்திரியில், புது மருந்து ஒன்றைப் பற்றிய ஆய்வில் சேர்ந்திருக்கிறாள். சேர்ந்தவர்களில் பாதிப் பேருக்கு அசல் மாத்திரை. மீதிப் பேருக்கு அதே நிறத்தில், அதே அளவில் வெறும் மாத்திரை. யாருக்கு எது என்று அவர்களுக்கும் தெரியாது, டாக்டருக்கும் தெரியாது.

பிறகு மருந்து வேலை செய்கிறதா என்று எப்படித் தெரியும்? ஆளை அளந்து பார்த்துத்தான். மூன்று மாதத்துக்கு ஒருமுறை கண், கை, கால், நடை எல்லாம் பார்த்து ஓர் எண் போடுவார்கள். எண் ஏறினால் இயலாமை ஏறியிருக்கிறது என்று அர்த்தம்.

போன தடவை ஏறிவிட்டது. "அன்னைக்கு எனக்குக் காய்ச்சல்" என்று வீட்டில் சொன்னாள் லின்சி. காய்ச்சலில் இந்த நோய்க்காரர்களுக்குக் கால் தளர்வது உண்டுதான். ஒரு தடவை ஏறியதை டாக்டர்களும் அப்படியே எடுத்துக்கொள்ள மாட்டார்கள். அடுத்த தடவையும் இறங்காமல் நின்றால்தான் ஏறியது என்று உறுதி செய்வார்கள்.

அந்த அடுத்த தடவைதான் இந்த வெள்ளிக்கிழமை.

* * *

"இன்னும் ஒரே ஒரு தடவை நடந்துடு" என்றான் ரெமிஜியஸ், பொழுது விடிந்ததும் விடியாததுமாக.

நெல் காயப்போடுகிற சிமெண்ட் களத்தில் சுண்ணாம்பால் இரண்டு கோடு போட்டிருந்தான். நடுவில் இருபத்தைந்து அடி. ஆஸ்பத்திரியில் இந்தத் தூரத்தைத்தான் வேகமாக நடக்கச் சொல்லி நேரம் பார்ப்பார்கள். லின்சியின் இஞ்ச் டேப்பைக் கொண்டே அளந்து, ஒரு வாரமாகக் கையில் செல்போனை வைத்துக்கொண்டு 'ஸ்டார்ட்' சொல்லிக்கொண்டிருந்தான். பள்ளிக்கூடத்து டிரில் மாஸ்டர் தோற்றுப்போவார்.

லின்சி நடந்தாள். கோட்டைத் தாண்டினாள்.

"சூப்பர்! நேத்தைவிட வேகம்."

"பரீட்சைக்குப் போற பொண்ணை ஏன்டா காலங்காத்தால விரட்டுறே?" என்று உள்ளேயிருந்து வந்தாள் மாமியார் சவரியம்மாள். கையில் தேய்த்து மடித்த பச்சைச் சேலை. "ஆமா, போன தடவை மார்க் ஏறிடுச்சுன்னுதானே சொன்னீங்க? ஏறினா நல்லதுதானே?"

"ஐயோ அத்தை, இதுல ஏறினா கெட்டது."

"இது என்னடி கோணப் பரீட்சை! முட்டை வாங்கினாத்தான் பாஸா?"

லின்சி சிரித்துவிட்டாள். சவரியம்மாள் சிரிக்கவில்லை. சேலையை அவள் தோளில் போட்டுப் பார்த்தாள்.

"இதைக் கட்டிக்க. மடிப்பு வச்சு பின் குத்திக்க. நோயாளி மாதிரி அந்த டாக்டருங்க முன்னாடி போய் நிக்காதே. எப்படி இருக்கேன்னு கேட்டா, மாதா புண்ணியத்துல நல்லா இருக்கேன்னு சொல்லு."

"சரி அத்தை."

அப்படித்தானே சொல்லுவோம்? எவ்வளவு முடியாமல் இருந்தாலும், யார் கேட்டாலும் நம் வாயில் முதலில் வருவது 'நல்லா இருக்கேன்'தான்.

வீட்டிலிருந்து பஸ் நிற்கிற வாய்க்கால் பாலம் வரை ஒரே தெரு. பாதித் தெருவில் காளியம்மாள் வாசல் குழாயடியில், முதுகைத் தெருவுக்குக் காட்டிக்கொண்டு பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னக்கா, மகளுக்கு வளைகாப்பு என்னைக்கு வச்சிருக்கீங்க?" என்று நின்றாள் லின்சி.

காளியம்மாள் திரும்பினாள். வளைகாப்பு, சம்பந்தியின் வாய், சீர் என்று பேச்சு வளர்ந்தது. ரெமிஜியஸ் கடிகாரத்தைப் பார்த்தான். அதை முடித்துக்கொண்டு கிளம்பினால், அடுத்தது மூஸா பாய் கடை. "பாய், ரவை வந்துடுச்சா?" என்று அங்கே ஒரு நிறுத்தம்.

"உன்னோட பூசைக்குக் கிளம்பினா கடைசியில நற்கருணை கொடுக்கும்போதுதான் போய்ச் சேரலாம்" என்றான் ரெமிஜியஸ். "வாய் மட்டும் ஓயவே ஓயாதா உனக்கு?"

"பேசறதுக்குமா கணக்கு?" என்றாள் லின்சி. பஸ் வந்துவிட்டது.

* * *

ஆஸ்பத்திரியில் அவளுக்கு இரண்டு டாக்டர். வைத்தியம் பார்க்கிறவர் சூர்யபிரகாஷ். அளக்கிறவர் வானதி, சின்ன வயசு, லேசில் சிரிக்கமாட்டார். வானதிக்கு லின்சியின் மாத்திரை பற்றியோ, அது அவளுக்கு என்ன செய்கிறது என்பது பற்றியோ எதுவும் தெரியக்கூடாது. தெரிந்தால் அளக்கிற கண் ஒரு பக்கம் சாய்ந்துவிடும் என்று அப்படி ஒரு ஏற்பாடு.

"மேடம், அந்த மாத்திரை போட்டா எனக்கு..." என்று லின்சி ஆரம்பித்ததுமே வானதி கையைத் தூக்கினார்.

"அதை சூர்யபிரகாஷ் சார்கிட்ட சொல்லுங்க. என்கிட்ட வேணாம்."

"மறந்துட்டேங்க."

ரெமிஜியஸை வெளியே உட்காரச் சொல்லிவிட்டார்கள். கதவு மூடுவதற்குள், களத்தில் காட்டுவதுபோல் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினான்.

வானதி சின்னச் சுத்தியலால் முழங்காலைத் தட்டினார். அதிர்கிற இசைக்கவையைக் கால் பெருவிரலில் வைத்து, அதிர்வு தெரிகிறதா என்றார். கண்ணை மூடி நிற்கச் சொன்னார். பலகையில் இருந்த ஓட்டைகளில் சின்னச் சின்னக் குச்சிகளைச் செருகி எடுக்கச் சொன்னார். ஊசி பிடித்த கையல்லவா, வலது கை பறந்தது. இடது கை ஒரு குச்சியைக் கீழே போட்டது. இருபத்தைந்து அடியை லின்சி விறுவிறுவென்று நடந்துவிட்டுத் திரும்பிப் பார்த்தாள். வானதி முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

"ரெஸ்ட் எடுக்காம, யாரையும் எதையும் பிடிக்காம எவ்வளவு தூரம் நடப்பீங்க?"

"எங்க வீட்டுலேருந்து மாதா கோயில் வரைக்கும் நடந்துடுவேங்க. அரை கிலோமீட்டருக்குக் குறையாது."

"வழியில உக்காருவீங்களா?"

"சேச்சே. ரோட்டுல போய் யாராவது உக்காருவாங்களா?"

"நிப்பீங்களா?"

"யாராவது கூப்பிட்டா நின்னு நாலு வார்த்தை பேசுவேன். கூப்பிடறவங்களை விட்டுட்டுப் போக முடியுமா? ஊர் என்ன சொல்லும்?"

"யாருங்க கூப்பிடுவாங்க?"

டாக்டர் சாதாரணமாகத்தான் கேட்டார். 'காளியம்மாக்கா' என்று சொல்ல வாயைத் திறந்த லின்சி, அப்படியே நின்றாள்.

காலையில் காளியம்மாள் கூப்பிடவில்லையே. அவள் அந்தப் பக்கம் பார்த்துப் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். கூப்பிட்டது இவள்தான். மூஸா பாய் யாருக்கோ பருப்பு நிறுத்துக்கொண்டிருந்தார். ரவை வீட்டில் டப்பா நிறைய இருக்கிறது. நேற்று? நேற்றும் இவள்தான். ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போகும்போது, சரியாகப் பழக்கமில்லாத ஒரு வீட்டு வாசலில் நின்று, "இந்தச் செம்பருத்தி எங்க வாங்கினீங்க?" என்று கேட்டதும் இவள்தான்.

முன்பெல்லாம் அவர்கள்தான் கூப்பிட்டார்கள். எப்போது மாறியது என்று அவளுக்கே தெரியவில்லை. வாய் பேசிக்கொண்டிருந்தது, கால் அந்த நேரத்தில் இளைப்பாறிக்கொண்டிருந்தது.

"என்னங்க யோசிக்கிறீங்க?"

"ஒண்ணுமில்லீங்க."

"சரி, நடந்தே பாத்துடலாம் வாங்க."

நீளமான நடைவழி. ஆய்வுக்காக அந்த நேரத்துக்கு ஆள் நடமாட்டத்தை நிறுத்தியிருந்தார்கள். பெஞ்சுகள்கூடக் காலி. அந்தக் கோடிக்கும் இந்தக் கோடிக்குமாக, போதும் என்று சொல்கிறவரை நடக்கவேண்டும். வானதி இரண்டடி பின்னால் வந்தார்.

முதல் நடை சுலபமாகப் போனது. திரும்பினாள். இன்னொரு தடவை திரும்பினாள். அதற்குப் பிறகு வலது செருப்பின் நுனி தரையைத் தேய்க்கிற சத்தம் கேட்க ஆரம்பித்தது. சர்ர்... சர்ர்... களத்தில் இந்தச் சத்தம் வந்ததில்லை. இருபத்தைந்து அடிக்குள் வராது.

லின்சி சுற்றுமுற்றும் பார்த்தாள். ஒரு முகம் வேண்டும். 'எந்த ஊரும்மா?' என்று கேட்க ஒரே ஒரு முகம். யாரும் இல்லை.

"உங்களுக்குச் சொந்த ஊரு தஞ்சாவூர்தானா மேடம்?"

"அப்புறம் பேசலாம். நடங்க."

இன்னும் கொஞ்சம் நடந்தாள். முட்டி உள்ளுக்குள் நழுவுவதுபோல் இருந்தது. அவளையறியாமல் கை தோளுக்குப் போனது.

"பின் கழண்டுக்கிச்சு" என்று நின்றாள்.

பின் கழலவில்லை. நன்றாகத்தான் இருந்தது. அதைக் கழற்றினாள். மடிப்பை நீவினாள். மறுபடி நீவினாள். ஜாக்கெட் தைக்கிறவள் ஒரு பின் குத்த இவ்வளவு நேரம் எடுப்பாளா? குத்தினாள். வானதி அவசரப்படுத்தவில்லை, பக்கத்தில் வந்து நின்றார்.

"தப்பா நினைக்காதீங்க. பின்னுக்காக நின்னீங்களா, காலுக்காக நின்னீங்களா? பின்னுக்குன்னா, கொஞ்சம் உக்காந்துட்டு முதல்லேருந்து நடக்கலாம். காலுக்குன்னா இதை இப்படியே நான் போட்டுக்கணும். நீங்கதான் சொல்லணும்."

ஒரே ஒரு வார்த்தை. 'பின்னுக்கு' என்று சொன்னால் போதும். உட்கார்ந்து, தண்ணீர் குடித்து, பல்லைக் கடித்துக்கொண்டு முழுத் தூரத்தையும் நடந்துவிடலாம். ஏறவில்லை என்று ஆகிவிடும். ரெமிஜியஸ் விமானம் ஏறிவிடுவான்.

லின்சியிடம் தைக்கக் கொடுக்கிறவர்கள் எல்லாரும் ஓர் அளவு ஜாக்கெட் கொண்டுவருவார்கள். "இதே மாதிரி தச்சுடு" என்பார்கள். அவள் வாங்கி விரித்துப் பார்த்துவிட்டு, "அக்கா, இது தலைப் பிரசவத்துக்கு முந்தின உடம்பு. கையைத் தூக்குங்க, டேப்பு வைக்கிறேன்" என்பாள். சிலருக்குக் கோபம் வந்துவிடும். "அப்படியெல்லாம் ஒண்ணும் ஊதிடலை" என்று முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். ஆனாலும் அவள் டேப்பு வைக்காமல் விட்டதில்லை. வைக்காமல் தைத்த ஜாக்கெட் கைபோடும்போதே பிரியும்.

இந்த ஆஸ்பத்திரிக்கு ஒவ்வொரு தடவையும் நானும் பழைய அளவு ஜாக்கெட்டைத்தானே கொண்டுவந்து நீட்டிக்கொண்டிருக்கிறேன் என்று நினைத்தாள் லின்சி. கோயில் வரை நிற்காமல் நடந்தது எந்த வருஷத்து லின்சி?

"காலுக்குத்தான் மேடம்" என்றாள். சொன்ன பிறகு நிறுத்த முடியவில்லை. "ஊர்லயும் இப்படித்தான். என்னை யாரும் கூப்பிடறதில்லை. நான்தான் ஆளாளுக்குக் கூப்பிட்டுக் கூப்பிட்டு நிக்கிறேன். இப்பதான் எனக்கே தெரியுது."

வானதி எழுதிக்கொண்டார். ஐயோ பாவம் என்று எதுவும் சொல்லவில்லை. அதுவே லின்சிக்கு ஆறுதலாக இருந்தது.

"அந்த பெஞ்சில உக்காருங்க. தண்ணி கொண்டுவரச் சொல்றேன்." இரண்டடி போய்த் திரும்பினார். "எனக்கு மன்னார்குடிங்க."

* * *

சூர்யபிரகாஷ் அறையில் ரெமிஜியஸ் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தான்.

"ரெண்டு தடவையும் ஒரே பக்கம்தான் காட்டுது" என்றார் டாக்டர். "ஏறினது உறுதிதான்."

"சார், எங்க களத்துல பிரமாதமா நடந்தா சார். நானே டைம் பாத்தேன்."

"நம்பறேன். கிட்டத்துல நல்லாத்தான் நடக்கறாங்க. தூரம் போகப் போகத்தான் கால் விடுது."

"போன தடவை காய்ச்சல் சார். அதைக் கணக்குல எடுத்துக்கக் கூடாதுல்ல?"

டாக்டர் லின்சியைப் பார்த்தார். லின்சி மேஜையைப் பார்த்தாள்.

"காய்ச்சல் முந்தின நாளே விட்டுடுச்சு" என்றாள்.

ரெமிஜியஸ் மெதுவாக அவள் பக்கம் திரும்பினான். 

"நீங்க நல்லா நடந்து காட்டறதுல எங்களுக்குச் சந்தோஷம் இல்லைம்மா" என்றார் டாக்டர். "உங்களை மாதிரி நிறையப் பேரோட எண்ணைச் சேத்து வச்சுத்தான் நாளைக்கு இது மருந்துதானான்னு முடிவு பண்ணப்போறாங்க. ஆளுக்கு ஒரு தூரம் கூட்டிச் சொன்னா, வேலை செய்யாததும் மருந்துன்னு கடைக்கு வந்துடும். இல்லை, வேலை செய்யறது தெரியாமலே போயிடும்."

பிறகு வழிகளைச் சொன்னார். இதே மாத்திரையில் தொடரலாம். அது அசலாகவும் இருக்கலாம், வெறும் மாத்திரையாகவும் இருக்கலாம். இல்லையென்றால் இதை விட்டுவிட்டு, ஏற்கனவே தெரிந்த மருந்து ஒன்றை டிரிப்ஸில் ஏற்றிக்கொள்ளலாம். இழந்த கால் பலத்தை அது திருப்பிக் கொண்டுவராது, இனிமேல் போவதை மெதுவாக்கலாம். ஏற்றிய பிறகு அடிக்கடி ஆஸ்பத்திரிக்கு வரவேண்டும். கிருமி தொற்றாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், வீட்டில் ஒத்தாசைக்கு ஆள் இருந்தால் நல்லது.

"அடுத்த வாரம் வந்து சொல்லுங்க. முடிவு உங்களோடது" என்றார், லின்சியைப் பார்த்து.

பஸ் பூதலூரைத் தாண்டியது. வெளியே சம்பா நடவு. வயலெல்லாம் தண்ணீர் நின்றது.

"லீவுல வந்ததுலேருந்து உன் பக்கத்துலயே நடக்கிறேன்" என்றான் ரெமிஜியஸ். "ஒரு தடவை சொல்லலையே நீ. வாயாடி வாயாடின்னு கிண்டல் பண்ணிக்கிட்டே வந்திருக்கேன்."

"எனக்கே தெரியலைங்க. காய்ச்சல்தான் தெரிஞ்சு சொன்ன பொய்."

"அது மட்டும் எதுக்கு?"

"சொன்னா நீங்க போக மாட்டீங்க. அந்த சூப்பர்வைசர் வேலைக்கு எத்தனை வருஷமாக் காத்துக்கிட்டிருந்தீங்க. என் காலால அது போச்சுன்னு நீங்க ஒருநாளும் சொல்ல மாட்டீங்க. நான் சொல்லிக்குவேன்."

அவன் சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு வயலைப் பார்த்தான்.

* * *

வாய்க்கால் பாலத்தில் இறங்கியபோது வெயில் தாழ்ந்திருந்தது. மூஸா பாய் கடையிலிருந்து குரல் வந்தது. இந்தத் தடவை நிஜமாகவே அவர்தான் கூப்பிட்டார்.

"என்னம்மா லின்சி, டாக்டர் என்ன சொன்னாரு?"

"அப்புறம் வந்து சொல்றேன் பாய்."

நிற்காமல் நடந்தாள். கடையைத் தாண்டியதும் அந்தச் சத்தம் ஆரம்பித்தது. சர்ர்... பக்கத்து வாசல்களில் ஒரு முகம்கூட இல்லை. ரெமிஜியஸ் நாலடி முன்னால் போய்க்கொண்டிருந்தான்.

"என்னங்க, கொஞ்சம் நில்லுங்க. கால் வரலை."

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவள் இப்படி ஒரு வாக்கியம் சொல்லி அவன் கேட்டதில்லை. திரும்பி வந்து பக்கத்தில் நின்றான். கையை நீட்டினான். அவள் பிடித்துக்கொண்டாள்.

எதிர் வரிசையில் காளியம்மாள் வாசலுக்கு வந்தாள். "ஏன்டி, நடுரோட்டுல புருஷன் கையைப் பிடிச்சுக்கிட்டு என்ன மௌன விரதம்?"

"ரெஸ்ட் எடுக்கறேன்க்கா" என்றாள் லின்சி, தெருவுக்கே கேட்கும்படி.

காளியம்மாள் அவள் காலைப் பார்த்தாள். உள்ளே போனாள். சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்து, தெருவோரம் பூவரசு நிழலில் போட்டாள்.

"உக்காரு. யாரு என்ன சொல்லப்போறா."

லின்சி உட்கார்ந்தாள். உட்கார்ந்ததும்தான் ரெமிஜியஸின் செல்போன் அடித்தது. அவன் எடுத்துப் பார்த்தான். பார்த்த விதத்திலேயே மஸ்கட் என்று அவளுக்குத் தெரிந்தது.

"போறேன்னு சொல்லுங்க" என்றாள் அவசரமாக. "அத்தை இருக்காங்க. நான் பாத்துக்குவேன்."

அவன் அவளைப் பார்த்தான். நாற்காலியைப் பார்த்தான். "பேசிட்டு வரேன்" என்று பாலத்தை நோக்கி நடந்தான். "ஹலோ சார், ரெமிஜியஸ் பேசறேன்..." அதுவரை கேட்டது. அதற்குள் நடவு முடித்த ஆட்களை ஏற்றிக்கொண்டு டிராக்டர் ஒன்று தடதடவென்று தெருவில் நுழைந்தது.

டிராக்டர் போன பிறகும் அவன் குரல் எட்டவில்லை. வாய்க்கால் ஓரம் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றான். ஒரு கை ஆடியது. தலை ஒரு தடவை அசைந்தது. ஆமாம் என்றா, இல்லை என்றா, இங்கிருந்து பார்க்கத் தெரியவில்லை.

"தம்பி யாருகிட்ட பேசுது?" என்றாள் காளியம்மாள்.

"மஸ்கட்டுக்கு."

"என்னவாம்?"

எழுந்து போனால் கேட்டுவிடலாம். பாலம் ஒன்றும் அவ்வளவு தூரமில்லை. லின்சி வலது காலைத் தரையில் ஊன்றிப் பார்த்தாள். இன்னும் வரவில்லை. நாற்காலியில் சாய்ந்துகொண்டு, அவன் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தாள்.